உப்பிட்டவர் யார்?

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது. மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்பது நம் நாட்டுப் பழமொழி. கெட்ட நாள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. காலையில் பால் திரிந்துவிடும். பேருந்து கண்ணெதிரே போய்விடும். தவணை கேட்டு ஆள் வருகிற அன்றுதான் குழந்தைக்கும் காய்ச்சல் வரும். இத்தனைக்கும் நடுவே நண்பர் ஒருவர் வந்து சேர்வார். தோளிலே கை போடுவார். “கலங்காதே! உனக்குக் கிடைத்திருப்பதை எண்ணிப் பார். உனக்கும் கீழே எத்தனை கோடிப் பேர்! நன்றியோடு இருக்கப் பழகு” என்பார். அவ்வேளையில் நமக்கு நன்றியா பிறக்கிறது? போட்ட கையைத் தட்டிவிட்டால் என்ன என்றுதான் தோன்றுகிறது!

அப்படித் தோன்றுவதில் குற்றமில்லை என்பதே நமது கருத்து. காலில்லாதவரைக் காட்டிச் செருப்பில்லாதவரைச் சமாதானப்படுத்துவது நன்றியுணர்வு ஆகாது. பிறர் துன்பத்தை எடுத்து நம் புண்ணுக்கு மருந்தாகத் தடவிக் கொள்கிற வேலை அது. அந்தக் காலில்லாதவர் பக்கத்திலே நின்று கேட்டுக் கொண்டிருந்தால் என்ன நினைப்பார்? உபதேசிகள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. உபதேசம் மலிவான சரக்கு; கெட்ட நாளில்தான் அது வீடு தேடி வரும்.

ஆனால், உபதேசிகள் கையில் சிக்கிவிட்டது என்பதற்காக நல்லதொரு பண்பை நாம் கைகழுவிவிட முடியுமா? முடியாது. அதை அவர்கள் கையிலிருந்து மீட்க வேண்டும். மீட்பதற்கான வழியும் நம் மொழியிலேயே இருக்கிறது.

திருக்குறளில் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். நன்றி என்ற சொல்லுக்கு அங்கே பொருள், நாம் இன்று மேடை முடிவில் சொல்கிற நன்றி அல்ல. நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த உதவி. அந்த உதவியை என்ன செய்ய வேண்டும்? பாட வேண்டும் என்றில்லை, பரவ வேண்டும் என்றில்லை, கைகூப்பிக் கண்ணீர் விட வேண்டும் என்றுமில்லை. அறிய வேண்டும்! அறிதல் என்பது அறிவின் வேலை. யார் செய்தார், என்ன செய்தார், எந்த நேரத்தில் செய்தார், அதைச் செய்ய அவர் எதை இழந்தார் என்று தெரிந்து கொள்கிற வேலை. மனத்திலே இனிமை ஊறுகிறதா இல்லையா என்பது பிறகு. கெட்ட நாளில் இனிமை ஊறாது. ஊற வேண்டுமென்று எவரும் கட்டளையிடவும் முடியாது. ஆனால் கெட்ட நாளிலும் அறிய முடியும். இன்னும் சொல்லப்போனால், கெட்ட நாளில்தான் நன்றாக அறிய முடியும்.

எளியதொரு கேள்வி போதும்: இதைச் செய்தது யார்?

இந்தக் கேள்வியை வைத்துக் கொண்டு காலைச் சோற்றில் கை வைத்துப் பாருங்கள். நெல் விளைவித்தவரை ஒருவாறு நினைத்துவிடுவோம். பொங்கல் விழா அதற்கு நம்மைப் பழக்கியிருக்கிறது. உப்பு? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாள்தோறும் சொல்கிறோம். உப்பிட்டவர் யார்? இலையில் பரிமாறியவரா? பரிமாறியவருக்கு அது எங்கிருந்து வந்தது?

தூத்துக்குடிக்குப் போனவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலிலே வற்ற வைத்து, படிந்த உப்பை வாரி, கரையிலே குவிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் கூடியவரை முடித்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே பாத்தியில் இறங்குவோர் பலர். பெண்கள் தலைச்சுமையாகச் சுமக்கிறார்கள். நாள் முழுதும் உவர்நீரில் நிற்கிற கால் வெடிக்கிறது. வெடிப்பிலே உப்பு ஏறுகிறது. வெள்ளை வெளேரென்ற தரையிலிருந்து வெயில் திரும்பி முகத்தில் அடிப்பதால் கண் கெடுகிறது. வெயில் நமக்குத் தொல்லை. அவர்களுக்கு அது முதலாளி கொடுக்காத மூலதனம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மழை வேண்டி நாடு காத்திருக்கிற அந்த மாதங்கள் அவர்கள் வீட்டில் அடுப்பு தயங்கி எரிகிற மாதங்கள்.

உப்புக்காக 1930இல் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்து போன நாடு இது. உப்பின் மீது போடப்பட்ட வரியை நாம் மறக்கவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது. உப்பை வாருகிறவரின் கால் எந்தப் பாடத்தில் இருக்கிறது?

இந்தப் பழமொழி விளையாட்டுப் பேச்சல்ல என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டம் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. உப்பளங்கள் நீரில் மூழ்கின. குவித்து வைத்த உப்பு கரைந்து போயிற்று. உப்பு விற்கப் போகாமலே மழை பெய்து உப்பைக் கொண்டு போன நாள் அது.

அதே மழையில்தான் இன்னொன்றும் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துக் கொண்டு போயிருந்தது. சுற்றிலும் தண்ணீர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் வண்டியிலும் நிலையத்திலுமாகத் தங்கினர். மீட்புப் படை வந்து அவர்களை வெளியேற்றுவதற்குள் இரண்டு நாளாயிற்று.

அந்த இரண்டு நாளும் அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர் மக்கள். தங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்த நேரத்தில், இருந்த அரிசியைத் திரட்டி, கோயிலில் அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டார்கள். வண்டியிலிருந்தவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை. பசி கேட்டது, ஊர் பதில் சொல்லிற்று.

வண்டி நின்றதே கெட்ட நேரம் என்று முதல் ஒரு மணி நேரத்தில் சலித்துக் கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். யாராயினும் அப்படித்தான் சலித்திருப்போம். ஆனால் வண்டியை நிறுத்தாமல் விட்டிருந்தால்? நிறுத்தியதுதானே காப்பாற்றியது! எரிச்சலூட்டிய அந்தத் தாமதத்துக்குள்ளே ஒரு மனிதரின் பொறுப்புணர்ச்சி இருந்தது. நல்ல வேளையில் நேரத்துக்கு வருகிற வண்டிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நின்ற வண்டிதான், வண்டியை நடத்துகிறவர்கள் மனிதர்கள் என்பதைக் காட்டிற்று.

விளக்கு எரிகிற வரையில் விளக்கை நினைப்பவர் யார்? அணைந்தால்தான் அதன் பின்னாலே கம்பி இருக்கிறது, கம்பம் இருக்கிறது, கம்பத்தின் மேலே ஏறுகிற ஆள் இருக்கிறார் என்பது தெரிகிறது. இதைத் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்ட மக்களைவிட அறிந்தவர் இருக்க முடியாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரே இரவில் இலட்சக்கணக்கான தென்னை சாய்ந்தது. தென்னை என்று எழுதிவிட்டோம். அந்தப் பக்கத்தில் அதைப் பிள்ளை என்பார்கள். பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை சோறு போடும் என்பது அங்கே பேச்சு வழக்கு. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அத்தனையும் காலையில் தரையில் கிடந்தன. புதிதாக வைக்கிற கன்று காய்க்க ஆண்டுகள் பல ஆகும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே கையில் காசில்லை. இந்த நாளைவிடக் கெட்ட நாள் ஒரு குடியானவருக்கு வேறு என்ன இருக்க முடியும்?

மின்கம்பங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேலாக வீழ்ந்து கிடந்தன. ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. சில ஊர்களுக்கு வாரக்கணக்கு. மின்சாரம் இல்லை என்றால் விளக்கு மட்டுமா இல்லை? குடிநீர்த் தொட்டிக்கு நீர் ஏறவில்லை. அப்போது வெளிமாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்தனர்; கேரளத்திலிருந்தும் வந்தனர். நடவு வயலின் சேற்றில் வண்டி போகாது. ஆகவே கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கம்பத்தைத் தூக்கிக் கொண்டு போன படங்களைச் செய்தித்தாள்களில் நாடு பார்த்தது. ஊர் இளைஞர்கள் கூடவே தோள் கொடுத்தார்கள். பள்ளிக் கட்டடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்து எழுந்து, விடிந்தால் மறுபடியும் சேறு. அந்தப் பணியிலே உயிர் துறந்தவர்களும் உண்டு.

விளக்கு எரிந்தது. எரிந்த அன்று பல ஊர்களில் மக்கள் என்ன செய்தார்கள்? அந்த ஊழியர்களுக்கு விருந்து வைத்தார்கள். தோப்பெல்லாம் தரையிலே கிடக்க, தனக்கே நிவாரணம் வந்து சேராத நிலையில், இலை போட்டுச் சோறு படைத்து வழியனுப்பினார்கள்!

இங்கே ஒரு செய்தியை நாம் விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால் உபதேசிகள் இந்தக் கதையையும் எடுத்துக் கொண்டு போய்விடுவார்கள். “பார்த்தீர்களா, அத்தனை இழந்தும் மக்கள் முணுமுணுக்காமல் நன்றி காட்டினார்கள்” என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். மக்கள் முணுமுணுக்கவில்லையா? முணுமுணுப்பு என்ன, முழக்கமே எழுப்பினார்கள்! குடிநீர் வரவில்லை, அதிகாரி வரவில்லை, கணக்கெடுக்க ஆள் வரவில்லை என்று அதே மாவட்டங்களில் அதே நாட்களில் சாலையில் உட்கார்ந்தார்கள். மரத்தைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். சில இடங்களில் கோபம் எல்லை மீறியதும் உண்டு. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்து கொள்ள வேண்டும்.

சாலையை மறித்தவரும் விருந்து வைத்தவரும் வேறு வேறு மக்களா? ஒரே மாவட்டம், ஒரே பசி, ஒரே இருட்டு. கம்பம் சுமந்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அவருக்குச் சோறு போட்டார்கள். வர வேண்டியவர் வரவில்லை என்பதும் தெரிந்தது. அவரைக் கேள்வி கேட்டார்கள். இரண்டும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. செய்தவரை அறிகிற கண்ணுக்குச் செய்யாதவரும் தெரியத்தானே செய்வார்?

நன்றி என்ற பெயரால் வாயை அடைக்கப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது செய்ந்நன்றி அறிதல் அல்ல, செய்யாததை அறியாதிருத்தல்.

இந்தச் சூழ்ச்சி பழையது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியையே பண்ணையார்கள் கயிறாகத் திரித்து வைத்திருந்த காலம் இருந்தது. “உன் அப்பன் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது யார்? உன் குடிசை நிற்கிற மண் யாருடையது? நன்றி கெட்டவனே!” என்று கேட்டால், கூலி கேட்க வாய் திறந்தவர் தலை குனிந்து கொண்டு போவார். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான். மகன் பட்ட கடனுக்குப் பேரன். தஞ்சைப் பண்ணையாட்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952 ஆயிற்று. நாடு முழுவதற்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 ஆயிற்று. சட்டம் வந்த பிறகும் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் என்ற பெயரில் அதே கயிறு இருந்ததை அதிகாரிகள் மீட்டு வந்த குடும்பங்களின் கதைகள் காட்டின. இப்போது கேட்கிறோம்: அந்தப் பண்ணையில் உப்பிட்டவர் யார்? களத்திலே நின்று கஞ்சி ஊற்றியவரா? கஞ்சிக்கு நெல்லை விளைவித்துக் கொடுத்துவிட்டு அதே கஞ்சிக்குக் கையேந்தி நின்றவரா?

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்திய அதிகாரம் இனியவை கூறல். அடுத்த அதிகாரம் நடுவு நிலைமை. இந்த வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். ஒருவர் நமக்குச் செய்த உதவியை நினைக்கிறபோது நடுவு நிலைமை சாய்ந்துவிடக் கூடும். அந்த இடத்திலும் அது சாயக் கூடாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்கிறார். பரிமேலழகரோடு நமக்குக் கருத்து வேற்றுமைகள் பல உண்டு. இந்த இடத்தில் அவர் சொன்னது சரி. உதவி செய்தார் என்பதற்காக ஒருவருடைய தவறை மூடி மறைப்பது நன்றியல்ல. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

கயிறாகத் திரிக்கப்பட்ட நன்றி ஒரு போலி என்றால், கைதட்டலாகக் காற்றில் போன நன்றி மற்றொரு போலி. அதையும் நாடு கண்டது.

2020 மார்ச் 22, மாலை 5 மணி. கொரோனா நோயை எதிர்த்து நிற்கிற மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற அழைப்பை ஏற்று, நாடெங்கும் மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினர், தட்டுகளை முழக்கினர். தட்டியவர்களில் பெரும்பாலோர் உள்ளன்போடுதான் தட்டினார்கள். அதை நாம் பழிக்கவில்லை. அதன் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19 இரவு, சென்னையில், அந்த நோய்க்கு உயிர் கொடுத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டு போனார்கள். ஓரிடத்தில் கூட்டம் கூடித் தடுத்தது. வேறிடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்சின் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநர் அடிபட்டார். கடைசியில், இறந்தவரின் நண்பரான மற்றொரு மருத்துவர் தாமே அந்த வண்டியை ஓட்டிச் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு, காவலர் சூழ, நள்ளிரவில் நண்பரைத் தம் கையாலேயே புதைத்தார்.

கைதட்டியது எந்த நாடு? கல்லெறிந்தது எந்த நாடு? அதே நாடுதான்! காரணம் வெளிப்படை. தட்டியது ‘மருத்துவர்’ என்ற சொல்லுக்கு. வந்தது ஒரு மனிதரின் உடல். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அறியவில்லை. அவர் எப்படி நோயுற்றார் என்பதையும் அறிய முயலவில்லை. அறியாமல் தட்டிய கை, அச்சம் வந்தவுடன் கல்லை எடுத்துவிட்டது. அடக்கம் செய்வதைத் தடுப்பவருக்குச் சிறைத் தண்டனை என்று தமிழக அரசு அந்த மாதமே அவசரச் சட்டம் கொண்டு வர வேண்டியதாயிற்று. செத்தவருக்கு ஆறடி மண் கொடுக்கச் சட்டம் வேண்டியிருந்தது, தோழர்களே!

நன்றியைப் பழகுவது பற்றி ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியல் அறிஞர்கள் இருவர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் வாரந்தோறும், நன்றிக்குரியவை என்று தோன்றுவனவற்றில் ஐந்து வரை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுத வேண்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது, நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சற்று நல்ல விதமாகவே சொன்னார்கள். தசையும் நரம்பும் நலிந்த நோயாளிகளைக் கொண்டும் மூன்று வாரம் சோதித்தார்கள். நன்றிக் குறிப்பு எழுதியவர்களுக்குத் தூக்கம் சற்றுக் கூடியிருந்தது. உடல் ஒத்துழைக்காத நாட்களை நாள்தோறும் காண்கிறவர்கள் அவர்கள் என்பதால் அந்தப் பகுதி நம் கவனத்துக்கு உரியது. பின்னர் வந்த ஆய்வுகள், பயன் இருக்கிறது, ஆனால் அது பெரிதல்ல என்று அளந்து சொல்லின. அவ்வளவுதான் அதன் எல்லை. நன்றிக் குறிப்பேடு என்று பளபளப்பான அட்டை போட்டு விற்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை அட்டையில் அச்சிடுவதில்லை.

குறிப்பேடு எழுதுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுகிறவர் ‘எனக்கு என்ன கிடைத்தது’ என்று எழுதாமல் ‘யார் செய்தது’ என்று எழுதிப் பார்க்கட்டும் என்கிறோம். பேருந்து போய்விட்டது என்று எழுதியவர், ஓடி வந்ததைக் கண்டு கதவருகே கைநீட்டித் தூக்கிவிட்ட அடுத்த பேருந்தின் நடத்துநரையும் எழுத வேண்டியிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியவர், அரசு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த செவிலியரை எழுத வேண்டியிருக்கும். எழுதப் போனால்தான் தெரியும், அவர் பெயர் நமக்குத் தெரியாது என்பது!

பெயர் தெரியாதது சிறு செய்தியல்ல. நம் வீடுகளில் வழங்குகிற பேச்சைக் கவனியுங்கள். “பால் வந்திருக்கு.” “கேஸ் வந்திருக்கு.” “குப்பை வந்திருக்கு.” வந்தது பாலா, ஆளா? ஆண்டுக்கணக்கில் நம் வாசலுக்கு வருகிறவரை அவர் சுமக்கிற பொருளின் பெயரால் கூப்பிடுகிறோம். அதிலும் குப்பையின் பெயரால் ஒரு மனிதரை! அண்ணே என்றோ அக்கா என்றோ ஒரு சொல் நம் நாவிலே இல்லையா? முறை வைத்து அழைப்பதற்கென்றே பிறந்த மொழி அல்லவா இது?

நன்றி என்ற சொல்லையே எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. நம் வீட்டில் அம்மாவிடம் யாரும் நன்றி சொல்வதில்லை; சொன்னால், “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். நம்மவர் நன்றியைச் சொல்லால் அல்ல, செயலால் வழங்கி வந்தவர்கள். வெயிலில் வந்தவருக்கு ஒரு செம்பு மோர். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்ற ஒரு வார்த்தை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டு வருவார்கள். எந்த வீட்டுப் பாத்திரம் எது என்றுகூடத் தெரியாமல் அடுக்கி இருக்கும். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொல்கிற நிலையிலும் இருப்பதில்லை. ஆனால் பத்தாண்டு கழித்து அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு துக்கம் என்றால், முதல் ஆளாகச் சோற்றுப் பானையோடு போய் நிற்பவர் யார் என்று ஊருக்கே தெரியும். வாழ்நாளிலேயே மிகக் கெட்ட நாளில் பெற்ற உதவி அது. அழுகைக்கு நடுவே அது அறியப்பட்டிருக்கிறது.

ஆனால் நகரம் பெருத்துவிட்டது. நமக்கு உதவுகிறவர் பக்கத்து வீட்டில் இல்லை. அவருடைய துக்கத்துக்குப் பானை தூக்கிக் கொண்டு போக நமக்கு வழி தெரியாது. அவர் தூத்துக்குடிப் பாத்தியில் நிற்கிறார். கம்பத்தின் உச்சியில் தொங்குகிறார். பாதாளச் சாக்கடையின் வாயில் நிற்கிறார். இவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் இறங்கிச் செத்தார்கள். செத்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உயர்த்தியது. நம் தெருவில் அடைப்பு என்றதும், “யாரையாவது இறக்கிச் சரி செய்யுங்கள்” என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறோமே, அந்த ‘யாராவது’ யார்? இயந்திரம் வருகிற வரையில் ஒரு நாள் நாற்றத்தைப் பொறுத்துக் கொள்வதும் அவருக்கு நாம் திருப்பிச் செலுத்துகிற கடன்தான். தொகை சிறிது. மின் வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரப் பணி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் தெருவில் நிற்கிற அன்று போக்குவரத்து தடைப்படுகிறது என்று நாம் முகம் சுளிக்கிறோம். அன்றும் நமக்குக் கெட்ட நாள்தான், பேருந்து நகரவில்லை. பேருந்தின் சன்னலருகே உட்கார்ந்து கொண்டு, வெளியே கொடி பிடித்து நிற்பவரின் தோளைப் பார்க்கலாம். கம்பம் சுமந்த தோளாக இருக்கக் கூடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. உப்பளத் தொழிலாளிக்கு மழை கெட்ட நாள். மின் ஊழியருக்குப் புயல் கெட்ட நாள். தூய்மைப் பணியாளருக்கு? நம்முடைய பண்டிகை! தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரு முழுவதும் வெடித்த காகிதம், வெடிக்காத மருந்து, ஈரத்தில் ஊறிய குப்பை. நாம் எண்ணெய்க் குளியல் முடித்துத் தூங்கிக் கொண்டிருக்கிற நேரத்தில் அவர்கள் வாரத் தொடங்கியிருப்பார்கள். பட்டாசுக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுங்கள் என்று மாநகராட்சி ஆண்டுதோறும் கேட்டு வருகிறது. பிரித்துக் கொடுப்பவர் எத்தனை பேர்? வெடிக்காத மருந்து கையிலே வெடிக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தீபாவளிப் பலகாரம் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, நல்ல வழக்கம்தான். அது கூலிக்கு ஈடாகாது. கையுறைக்கும் காலணிக்கும் ஈடாகாது. அவற்றைக் கேட்டு அவர்கள் சங்கம் மனுக் கொடுத்தால், அதிலே கையெழுத்துப் போட நமக்கும் கை இருக்கிறது. பலகாரத்தையும் கொடுப்போம். ஆனால் எப்போது கொடுக்கிறோம்? விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, நாலாம் நாள், முறுக்கு நமுத்து, அதிரசம் இறுகி, இனி வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்ற நிலை வந்த பிறகு பொட்டலம் கட்டுகிறோம். சுட்ட அன்றைக்கே முதல் தட்டில் அவர் பங்கை எடுத்து வைத்துவிட்டால் என்ன? பிரித்துப் பார்க்கும்போதே எந்த நாள் முறுக்கு என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.